நாப்பது நிமிஷ இருட்டு

பிப்ரவரி 20

மச்சான்,

ராத்திரி ஒன்பது அம்பத்திரெண்டு. உங்க தங்கச்சி போயிட்டான்னு எனக்குச் செய்தி வந்த நேரம் அது. எதிர் வீட்டு டெய்லர் அக்கா அதை அனுப்பினது ஒன்பது பதினேழுக்கு. எங்க வேலையில எப்பவும் ரெண்டு நேரம் எழுதுவோம். கோளாறு நடந்த நேரம் ஒண்ணு, அது நமக்குத் தெரிஞ்ச நேரம் ஒண்ணு. நடுவுல இருக்கிற இடைவெளிக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும். இந்த முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு யார் பதில் சொல்லணும்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லிட்டீங்க. "போனை ஆஃப் பண்ணச் சொன்னது நீதானே, உன் சட்டம்தானே"ன்னு. நான் ஒண்ணும் பேசல. அது தப்புன்னு இப்பவும் சொல்ல வரல.

ஒரு மாசத்துல நாப்பத்தி மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. நான் எடுக்காததுக்குக் கோபம் காரணம் இல்ல. உங்ககிட்ட பேசிட்டு இருக்கும்போது லைன் பிசியா இருக்கும். அந்த நேரத்துல வேற யாராவது கூப்பிட்டா? யாருன்னு கேட்காதீங்க. கூப்பிட ஆள் இல்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் லைன் ஃப்ரீயா இருக்கணும். மெசேஜும் வேண்டாம். அந்தச் சத்தம் வந்தா எனக்கு மூச்சு நின்னு போய் வருது. ஏதாவது சொல்லணும்னா பேப்பர்ல எழுதுங்க. பேப்பர் சத்தம் போடாது.

நான் வேலையை மாத்திக்கிட்டு வந்துட்டேன். தண்ணி பம்ப் பண்ற ஸ்டேஷன். பிரஷர் மீட்டர், ஃப்ளோ மீட்டர் எல்லாம் சரியா காட்டுதான்னு பார்க்கிற அதே வேலைதான், இடம்தான் வேற. தங்க ஒரு ரூம் குடுத்திருக்காங்க. கட்டிலை ஜன்னல் ஓரமா இழுத்துப் போட்டிருக்கேன், அங்கதான் சிக்னல் நல்லா இருக்கு.

உங்க கடைக்குப் பின்னால நிக்கிற டெலஸ்கோப்பை யாருக்காவது குடுத்துடுங்க. ஃபில்டரையும் சேர்த்துக் குடுங்க. எனக்கு அது வேண்டாம்.

அக்காவுக்குச் சொல்லுங்க, சாப்பிடறேன்னு.

*

பிப்ரவரி 27

மாப்ளே,

கடைசியா நான் லெட்டர் எழுதினது பன்னெண்டாவது படிக்கும்போது, அதுவும் லீவு லெட்டர். அதனால தப்பு இருந்தா மன்னிச்சுக்கோ. இது நாலாவது தாள். மொத மூணையும் கிழிச்சுப் போட்டுட்டேன். உங்க அக்கா பார்த்துட்டு, "என்ன, காதல் கடிதமா"ன்னு கேட்டா. மாப்ளைக்குன்னு சொன்னேன். அப்புறம் ஒரு டீ கொண்டு வந்து வச்சுட்டுப் போனா.

வராண்டாவுல நான் பேசினது பேச்சே இல்ல. வாய் ஒரு பக்கம் போச்சு, மனசு ஒரு பக்கம் போச்சு. நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். நீ பேசாம நின்ன. அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

கடை ஓடுது. நேத்து ஒரு பெரியவர் வந்து, "இந்தக் கண்ணாடியைப் போட்டதுல இருந்து என் பொண்டாட்டி முகம் சுருக்கமா தெரியுது, மாத்திக் குடு"ன்னாரு. ஐயா, அது கண்ணாடிக் கோளாறு இல்லன்னேன். மொறைச்சுட்டுப் போனாரு. இதை ஊசிகிட்ட சொன்னா ஒரு வாரம் சிரிப்பாளேன்னு போனை எடுத்துட்டேன். பேரைத் தேடிட்டும் இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது.

என் தங்கச்சிக்கு ஊசின்னு பேர் வச்சது நான்தான், உனக்கே தெரியும். அவ ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போனதால வந்த பேருன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல. எட்டு வயசுலயே அவ பேச்சு அப்படித்தான், சுருக்குன்னு ஏறும்.

டெலஸ்கோப்பைக் குடுக்கச் சொல்ற. மூணு வருஷம் நீயும் நானும் அந்தக் குழாயைத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சிருக்கோம். யாருக்குன்னு குடுக்கிறது? கண் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு, தெரியாதவனுக்கும் அது எதுக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டும். துணி போட்டு மூடி வச்சிருக்கேன்.

வீட்டுக்கு வா. வந்து என் மூஞ்சியில முழிக்க வேண்டாம், உங்க அக்கா மூஞ்சியில முழி போதும்.

*

மார்ச் 7

மச்சான்,

வர முடியாது. வழியில ஒரு மலைச் சுரங்கம் இருக்கு. ரயில் அதுக்குள்ள பதினோரு நிமிஷம் போகும். பதினோரு நிமிஷமும் சிக்னல் இருக்காது. வரும்போது எப்படியோ வந்துட்டேன். திரும்ப அது வழியா வர என்னால ஆகாது.

இங்கயும் அதே பிரச்சனைதான். வால்வு எல்லாம் தரைக்குக் கீழ முப்பதடியில கான்கிரீட் குழிக்குள்ள இருக்கு. ஏணியில இறங்கிப் போய் மீட்டரைக் கழட்டணும். பத்தாவது படியில போன்ல ஒரு கோடுதான் இருக்கும், பதினஞ்சாவது படியில ஒண்ணுமே இருக்காது. நான் பத்தாவது படியில நின்னுட்டு மேல ஏறி வந்துடறேன். மூணு தடவை ஆச்சு. மொத தடவை தலை சுத்துதுன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை முட்டி வலின்னேன். மூணாவது தடவை சூப்பர்வைசரே கேட்டார், "ஏன்யா, குழிக்குள்ள மாமியாரா உட்கார்ந்திருக்கா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். இப்போ மேல கண்ட்ரோல் ரூம்ல உட்கார வச்சிருக்காங்க. ஏப்ரல் இருபதுக்குள்ள கீழ இறங்கலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்னு சொல்லிட்டாங்க.

குளிக்கும்போது போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஆணியில மாட்டிக்கறேன். சார்ஜ் எண்பதுக்குக் கீழ போனா உடனே சார்ஜர்ல மாட்டிடறேன். இந்த ரூமை விட்டு எங்கயும் போறதில்ல. பூட்டி வச்ச மாதிரிதான் இருக்கேன், பூட்டு என் பாக்கெட்லயே இருக்கு.

யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயம் சொல்றேன். அன்னைக்கு உங்க தங்கச்சி எனக்கு ஒரு மெசேஜும் அனுப்பியிருக்கா. ஒன்பது அம்பத்திரெண்டுக்கு போனை ஆன் பண்ணினதும் எல்லாம் ஒண்ணா வந்து விழுந்துச்சு. டெய்லர் அக்காவோடது மேல, அதுக்குக் கீழ இவளோடது. திரையில பேர் மட்டும்தான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, நான்தான் அப்படி வச்சிருந்தேன். இன்னும் திறக்கல. திறந்துட்டா அவ சொல்ல வேண்டியது எல்லாம் முடிஞ்சுடும்.

நாம கல்குவாரிக்குப் போன மத்த நாள் எல்லாம் மறந்துடுச்சு. அந்த ஒரு நாள்தான் ஓடிட்டே இருக்கு. ஏழு பத்துக்கு ரெண்டு போனையும் ஆஃப் பண்ணி ஸ்பேனர் டப்பாவுல போட்டோம். கண் இருட்டுக்குப் பழக நாப்பது நிமிஷம். ஹைட்ரஜன் ஃபில்டரை மாட்டினேன். அது ஒரே ஒரு நிறத்து வெளிச்சத்தை மட்டும் உள்ள விட்டு மத்த எல்லாத்தையும் வெளிய நிறுத்தும், அப்பதான் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்துல இருக்கிற அந்த மங்கலான பட்டை தெரியும், அதுமேல குதிரைத்தலை மாதிரி ஒரு தூசி மேகம் கறுப்பா நிக்கும். என் தலைக்குள்ள இப்போ அந்த மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கு மச்சான். போன் சத்தம் மட்டும்தான் உள்ள வருது. அழுகைகூட வரல.

எட்டே கால் வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடலாம்னுதான் இருந்தேன். நீங்க பாறைக்குப் பின்னால போயிட்டு வந்து கண்ணை வச்சு, "தெரியுது மாப்ளே, குதிரை தெரியுது"ன்னு சொன்னீங்க. வரைஞ்சும் காட்டினீங்க. அப்புறம் எனக்குப் பிடிவாதம் வந்துடுச்சு. இவருக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியலையான்னு ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்னேன். குழாயைத் தட்டிப் பார்த்தேன், ஓரக்கண்ணால பார்த்தேன், மூச்சைப் பிடிச்சுட்டுப் பார்த்தேன். தெரியல.

நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்த்தோம். அந்த ராத்திரியில வீணாப் போகாதது அது ஒண்ணுதான். அதை மட்டும் பிடிச்சுட்டு இருக்கேன்.

*

மார்ச் 15

மாப்ளே,

உன் லெட்டரை நாலு நாளா பாக்கெட்லயே வச்சுட்டுத் திரியறேன். லென்ஸ் வெட்டும்போது கை தவறி ஒரு ஜோடியை வீணாக்கிட்டேன். கடைப் பையன்களுக்கு ஒரே குஷி, மொதலாளியும் தப்பு பண்றாருன்னு.

அந்த மெசேஜைத் திற. இல்ல, திறக்காத. எனக்குச் சொல்லத் தெரியல. நீ உன் இஷ்டப்படி செய்.

குழாய் பெட்டியை ஒதுங்க வைக்கும்போது நீ வரைஞ்ச தாள் எல்லாம் ஒரு ஃபைல்ல இருந்துச்சு. மூணு வருஷத்துது. உன்கிட்ட இருக்கட்டும்னு பார்சல்ல அனுப்பறேன். ஃபில்டரையும் சின்ன டப்பாவுல போட்டு அதுக்குள்ளயே வச்சிருக்கேன், கீறல் விழாம பஞ்சு சுத்தியிருக்கேன். அந்த வளையத்தைக் கையில வச்சுப் பார்த்தா இத்தினூண்டு இருக்கு. ஊசி அதைப் பார்த்துட்டு என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? "இருட்டுக்குள்ள போய் இருட்டைத் தேடறதுக்கு இதுல கறுப்புக் கண்ணாடி வேறயா? வீட்டுல ஒருத்தி வெளிச்சத்துலயே உட்கார்ந்திருக்கேன், ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்ல." நீ அன்னைக்கு மூணு மணி நேரம் அவளுக்கு அந்த ஃபில்டர் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கின. தூங்கிட்டா.

உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு

சரி விடு. உடம்பைப் பார்த்துக்கோ. உங்க அக்கா ஒரு ஸ்வெட்டர் வச்சிருக்கா. நீ இருக்கிற இடம் குளிரா வெயிலான்னு எங்களுக்குத் தெரியல, அதனால பாதுகாப்புக்கு.

*

மார்ச் 24

மச்சான்,

பார்சல் வந்துச்சு. ஸ்வெட்டர் சரியா இருக்கு.

தாள் எல்லாம் தரையில பரப்பிப் பார்த்தேன். ஜனவரி பதினெட்டு தாளைக் கடைசியா எடுத்தேன். அதுல வட்டமும் நட்சத்திரமும் நான் போட்டது. ஏழு அம்பதுக்கு, கண்ணை வைக்கிற ஐபீஸ்ல தெரிஞ்ச மாதிரியே புள்ளி வச்சிருந்தேன். நடுவுல பட்டையும் குதிரையும் நீங்க போட்டது. எட்டு இருபதுக்கு.

நம்ம குழாயில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். மேல கீழ மாறும், இடது வலது மாறும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. என் புள்ளி எல்லாம் தலைகீழாத்தான் இருக்கு. அப்போ குதிரை அந்தப் பட்டையை வலது பக்கத்துல இருந்து கடிக்கணும். உங்க குதிரை இடது பக்கத்துல இருந்து கடிக்குது. மேல பார்த்து நிமிர்ந்து நிக்குது. நம்ம கிட்ட இருக்கிற புத்தகத்துல எழுபத்தி ரெண்டாவது பக்கத்துல இருக்கிற போட்டோ மாதிரியே.

நான் கண்ட்ரோல் ரூம்ல இருக்கிற ஆளு. ஒரு மீட்டர் மட்டும் மத்த மீட்டர் எல்லாத்துக்கும் எதிரா காட்டினா, அது அளந்த எண் இல்ல, யாரோ கையால எழுதின எண்.

நீங்க அதைப் பார்க்கல.

எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் அங்க ஏன் நின்னேன்னு உங்களுக்குத் தெரியும். மழுப்பாம எழுதுங்க. ஜோக் வேண்டாம்.

*

மார்ச் 31

மாப்ளே,

ஜோக் இல்ல.

நான் பார்க்கல. என் போன் ஆஃப்ல இல்ல.

நீ ஸ்பேனர் டப்பாவை மூடறதுக்கு முன்னாடி என் போனை எடுத்து உள் பாக்கெட்ல போட்டுட்டேன். கடையில இருந்து ஒரு ஆர்டர் விஷயமா மெசேஜ் வர வேண்டியிருந்துச்சு. எட்டு பத்துக்கு ஒதுங்கறேன்னு பாறைக்குப் பின்னால போய் எடுத்தேன். கையில எடுத்த நேரம் ஊசி கூப்பிட்டா. திரை பளீர்னு கண்ணுல அடிச்சுது. நான் கட் பண்ணிட்டேன். அவ மேல கோபம் இல்ல. வெளிச்சம் உன் கண்ணுல பட்டா நீ சத்தம் போடுவியேன்னுதான். போன வருஷம் டார்ச்சைத் தெரியாம அடிச்சதுக்கு "நாப்பது நிமிஷம் போச்சு, நாப்பது நிமிஷம் போச்சு"ன்னு வீடு வந்து சேர்ற வரைக்கும் புலம்பினல்ல. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, தங்கச்சி புருஷனுக்குப் பயந்து தங்கச்சி போனைக் கட் பண்ணினேன்.

உடனே மெசேஜ் போட்டா. அதை நான் அழிக்கல, அப்படியே எழுதறேன்: "அவர் போன் ஆஃப். எனக்குத் தலைவலி, மாத்திரை போட்டிருக்கேன். அவர்கிட்ட சொல்லாத, பயந்து வண்டியை வேகமா ஓட்டுவார். குதிரை தெரிஞ்சுதா?"

தலைவலின்னுதான் சொன்னா. சின்ன வயசுல இருந்தே அவளுக்கு வர்றதுதான். நான் பதில் போட்டேன், "தெரிஞ்சுது. மாப்ளையும் பார்த்துட்டான், குதிக்கிறான்"னு. அவ சந்தோஷப்படட்டும்னு. மூணு வருஷமா நீ தோத்துத் தோத்து வீடு திரும்பறதைப் பார்த்து அவளுக்கே உன் மேல பாவம் வந்துடுச்சு. உன்கிட்டதான் கிண்டல் பண்ணுவா. என்கிட்ட கேட்பா, "அண்ணா, அது அவருக்கு எப்பத்தான் தெரியும்"னு.

அவகிட்ட தெரிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. திரும்பி வந்தா நீ தெரியல கிளம்பலாம்னு நிக்கற. வீட்டுக்குப் போனா அவ உன்னைக் கேட்பா, என் குட்டு உடைஞ்சுடும். நீயும் பார்த்துட்டா பொய் உண்மையாயிடும்னு நினைச்சேன். என் கண் அப்போ வெளிச்சத்துல அவிஞ்சு கிடக்கு, ஐபீஸ்ல ஒரு நட்சத்திரம்கூட ஒழுங்கா தெரியல. "தெரியுது"ன்னேன். வரைஞ்சேன். ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்றவன்.

அவ சொல்லாதன்னாளே, அதனாலதான் சொல்லலைன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்துட்டேன். பத்து நாள்கூட நிக்கல அது.

வராண்டாவுல டெய்லர் அக்கா, "ரெண்டு பேர் போனும் போகலையே"ன்னு அழுதாங்க. அவங்க எனக்குக் கூப்பிட்டப்போ நான் உண்மையாவே ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், இன்னொரு தடவை வெளிச்சம் அடிச்சா நீ கண்டுபிடிச்சுடுவியேன்னு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் உன்னைக் கை காட்டினேன்.

இதுக்கு மேல என்ன எழுத. நீ என்ன சொன்னாலும் சரி. சொல்லாம மட்டும் இருந்துடாத.

*

ஏப்ரல் 6

லெட்டர் வந்துச்சு. படிச்சேன்.

எட்டு பன்னெண்டுக்கு நீங்க சொல்லி, உடனே கிளம்பியிருந்தா, ஒன்பது ஏழுக்கு ஆஸ்பத்திரி. அவ போனது ஒன்பது பதினஞ்சு.

எட்டு நிமிஷம்.

*

ஏப்ரல் 9

மாப்ளே,

அந்த எட்டு நிமிஷத்தை நான் எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியல. டாக்டரை மறுபடி போய்ப் பார்த்தேன். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு, யார் வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னார். வண்டியில ஏத்தும்போதே நினைவு தப்பிடுச்சாம். ஆறுதலுக்குச் சொல்றாரான்னு கேட்டேன். "நான் ஆறுதல் சொல்ற டாக்டர் இல்லைங்க"ன்னார். ஆனா நீ பக்கத்துல இருந்திருப்ப. அவ கையைப் பிடிச்சிருப்ப. அதைக் கேட்க எனக்கு எந்த டாக்டரும் வேண்டாம்.

உங்க அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையில, "அந்தப் பையனை அங்க தனியா அடைச்சு வச்சது நீங்கதான், நீங்களே போய்த் திறந்து விடுங்க"ன்னா.

நீ கூப்பிடாம நான் வர மாட்டேன். டெலஸ்கோப்பை லாரியில ஏத்தியிருக்கேன். நீ கேட்கல, தெரியும். வேண்டாம்னா குழியில தள்ளு. கண்ணாடியைக் கழுவி, நேர் பண்ணிதான் அனுப்பறேன். அதுல எனக்குக் கை தவறல. தலைக்குப் போட்டுக்கிற கறுப்புத் துணியும் உள்ள இருக்கு. ஊசி டெய்லர் அக்காகிட்ட தைக்கக் குடுத்தாளே, அது.

*

ஏப்ரல் 16

மச்சான்,

நேத்து லாரி வந்துச்சு. வாட்ச்மேன் குழாயைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, "என்ன சார், பீரங்கியா? யார் மேல கோபம்?"னு கேட்டார். எனக்கே தெரியலைன்னேன். சரி, குண்டு போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, சைக்கிளை ஓரமா விட்டுக்கறேன்னார். ரெண்டு பேருமா மேல் தண்ணித் தொட்டி மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

ஏழு நாளா உங்களுக்கு எழுதலாம்னு உட்கார்ந்து எந்திரிச்சுட்டேன். உங்க மேல எனக்கு என்ன இருக்குன்னு தேடிப் பார்க்கறேன். கோபம் இருக்கணும். இருக்கு, ஆனா ரொம்பத் தூரத்துல, வேற யாரோடதோ மாதிரி. அந்த எட்டு நிமிஷத்தை நான் உங்களுக்கு விட்டுத் தர மாட்டேன். அது என்கிட்டதான் இருக்கும். நீங்க மன்னிப்புக் கேட்டாலும், நான் மன்னிச்சேன்னு சொன்னாலும் இருக்கும். அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க. மத்தபடி, டார்ச் அடிச்சதுக்கு உங்களை வீடு வரைக்கும் திட்டினவன் நான். அண்ணன் தங்கச்சி போனைக் கட் பண்ற அளவுக்கு ஒரு சட்டம் போட்டவனும் நான்தான். வராண்டாவுல நீங்க சொன்னதுல பாதி சரி.

இன்னைக்குச் சாயந்தரம் மாடியில உட்கார்ந்து அந்த மெசேஜைத் திறந்தேன்.

மூணு மாசமா அதுக்குள்ள என்ன இருக்கும்னு நினைச்சு நினைச்சு எத்தனையோ எழுதிப் பார்த்துட்டேன். எங்க இருக்கீங்கன்னு இருக்கும். சீக்கிரம் வாங்கன்னு இருக்கும். ஏன் எடுக்க மாட்டேங்கறீங்கன்னு இருக்கும். அதுல ஒண்ணுகூட இல்ல. எட்டு பதினாறுக்கு அனுப்பியிருக்கா. உங்க பதில் போய் ரெண்டு நிமிஷம் கழிச்சு:

"பார்த்துட்டீங்களாமே. அண்ணன் சொன்னான், குதிக்கிறீங்களாம். விழுந்து வைக்காதீங்க, கல்லு குத்தும். இனிமே லீவு நாள்ல வீட்டுல இருப்பீங்கல்ல? மெதுவா வாங்க. நான் தூங்கிட்டா எழுப்பிச் சொல்லுங்க."

அவ்வளவுதான்.

அப்புறம் பத்து நிமிஷத்துல எந்திரிச்சுப் போய் டெய்லர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கா.

மச்சான், அவ நான் பார்த்துட்டேன்னு நினைச்சுட்டுதான் போனா. நான் குதிக்கிறேன்னு நினைச்சு ஒரு தடவையாவது சிரிச்சிருப்பா. தலைவலியோட. உங்க பொய் என்கிட்ட இருந்து எட்டு நிமிஷத்தை எடுத்துச்சு, அவகிட்ட இதைக் குடுத்துச்சு. இந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்க எனக்குத் தெரியல. அளக்கிறதுதான் என் தொழில், ஆனா இதை அளக்க மீட்டர் இல்ல.

ஊசி நம்பின ஒரு விஷயம் பொய்யா இருக்கறது எனக்குப் பிடிக்கல. அது மட்டும் தெளிவா இருக்கு.

வேட்டைக்காரன் மேற்கால சாய ஆரம்பிச்சுட்டான். இடுப்புல மூணு நட்சத்திரம் இப்பவே தெரியுது. இந்த வாரம் நிலா இல்ல. இதை விட்டா அப்புறம் டிசம்பர்தான். கீழ யார்டுல மஞ்ச விளக்கு எரியுது, அணைக்க விட மாட்டாங்க. கறுப்புத் துணி இருக்கு, ஃபில்டர் இருக்கு, பாதியாவது நிறுத்தும். ஃபில்டரை மாட்டிட்டேன். பஞ்சுல ஒரு நூல் ஒட்டியிருந்துச்சு, ஊதி எடுத்துட்டேன்.

தெரிஞ்சா வரைஞ்சு அனுப்பறேன். எந்தப் பக்கத்துல இருந்து கடிக்குதுன்னு நீங்களே பார்த்துக்கலாம். தெரியலைன்னா தெரியலைன்னே எழுதறேன். தெரியலைன்னா டிசம்பர்ல மறுபடி பார்க்கணும், அதுக்கு ரெண்டு ஆள் வேணும், இந்தக் குழாயை ஒருத்தனா தூக்க முடியாது. அந்தச் சுரங்கம் உங்க பக்கத்துல இருந்து வந்தாலும் பதினோரு நிமிஷம்தான். உங்க போன் ஆஃப்ல இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

திங்கக்கிழமை இருபதாம் தேதி. குழிக்குள்ள எத்தனை படின்னு அன்னைக்கு எண்ணிட்டு எழுதறேன்.

எழுத்து மங்குது, இதுக்கு மேல டார்ச் இல்லாம முடியாது, டார்ச் அடிக்கக் கூடாது. படிக்கக் கஷ்டமா இருக்கும். தொண்ணூத்தி ஆறு பர்சென்ட் சார்ஜ் இருக்கு. நாலு கோடும் இருக்கு. யாரும் கூப்பிடல.

மணி ஏழு பத்து. போனை ஆஃப் பண்ணிட்டேன்.